விளக்கு வைத்த பிறகு வெளியே போன உப்பு

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும்போது வீட்டில் உள்ளவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அம்மனிடம் வேண்டிக்கொள்வது என் பழக்கம். என் வீட்டுக்காரர், பிள்ளைகள், பேத்தி என்று முடியும் அந்த வரிசையில் போன ஆண்டிலிருந்து இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. பிரேமலா. அவள் எனக்கு உறவில்லை. எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு வருகிறவளும் இல்லை. ஜொகூர் பக்கம் உலு திராம் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் உப்பு அறையைப் பார்த்துக்கொள்கிறவள். வயதில் எனக்கு இளையவள் என்பதால் அவள் இவள் என்று எழுதுகிறேன். நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். அவளுக்கு அது பிடிக்காது.

உப்பு அறை என்றால் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சுவரெல்லாம் இளஞ்சிவப்பு உப்புக் கல் பதித்த ஓர் அறை. தரையில் கடற்கரை மணல் மாதிரி கல்லுப்பு. சாய்ந்து உட்கார நாற்காலிகள். சுவருக்கு வெளியே ஒரு பெட்டி இருக்கிறது. அது காய்ந்த உப்பை மாவைவிட மெல்லிசாக அரைத்து உள்ளே ஊதும். முக்கால் மணி நேரம் அந்தக் காற்றில் மூச்சு விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சளிக்கட்டு, மூச்சுத் தொல்லை, தோல் வறட்சி உள்ளவர்கள் வருவார்கள். சிலருக்குச் சுகமாக இருக்கும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. இதை முதல் நாளே பிரேமலா சொல்லிவிடுவாள்.

"இது டாக்டருக்குப் பதில் இல்லண்ணே, டாக்டருக்கு ஒரு கூட்டு. மருந்த விட்டுட்டு வர்றதா இருந்தா வராதீங்க."

என் வீட்டுக்காரரிடம் அவள் சொன்ன முதல் பேச்சு அதுதான். அவர் பெயர் மணியம். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் சொறி. பஸ்ஸில் வரும் ஒரு பெண் சொல்லித்தான் உப்பு அறைக்குப் போக ஆரம்பித்தார்.

அதற்கு முன்பே இரண்டு முறை வார்டில் படுத்து எழுந்தவர் அவர். இரண்டாவது முறை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். காப்பிக் கலர் மருந்துப் பம்பை வாயில் வைத்து அழுத்திக் காலையும் மாலையும் இழுக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளிலும் இழுக்க வேண்டும். நீலப் பம்பு மூச்சு முட்டும்போது மட்டும். காப்பிக் கலரை நிறுத்தினால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வாரா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அன்றிலிருந்து அவர் தூங்கும்போது அந்த நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்.

பிரேமலா நடத்தும் முறையே வேறு. மாடிப்படி ஏறி வருகிறவர்களிடம் வணக்கம் சொன்ன கையோடு ஒன்று கேட்பாள்.

"அண்ணே, காலைல என்ன சாப்ட்டீங்க?"

"நான் என்ன கல்யாணத்துக்கா வந்திருக்கேன், சாப்பாட்டக் கேக்குற?" என்றார் இவர்.

"சொல்லுங்கண்ணே. சொன்னாத்தான் கதவத் தெறப்பேன்."

படியேறி வந்த மூச்சோடு ஒருவர் நடுவில் நிறுத்தாமல் பதில் சொல்கிறாரா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தக் கேள்வி. பாதியில் மூச்சு வாங்கினால் அன்றைக்கு உள்ளே விட மாட்டாள். இழுப்பு அதிகமாக இருக்கும்போது உப்புக் காற்று நெஞ்சை இன்னும் இறுக்கிவிடும் என்பாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்து கிளினிக்குக்குப் போகச் சொல்வாள். அப்புறம் பம்பைக் காட்டச் சொல்வாள். இவர் சட்டைப் பையிலிருந்து நீலப் பம்பை எடுத்து நீட்டி, "இந்தாங்க போலீஸ்காரம்மா, லைசென்ஸ்," என்பார்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து உப்பை வெளியே கொடுக்க மாட்டோம் அல்லவா? பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டாலும் நாளைக்கு வாங்கிக்கொள் என்போம். உப்போடு மகாலெட்சுமியும் போய்விடுவாள் என்று பயம். பிரேமலாவின் மேசைக்கு மேல் ஒரு லெட்சுமி படம் இருக்கிறது. மாலையில் அதன் முன்னால் விளக்கு வைப்பாள். ஆனால் அதற்குப் பிறகும் ஆட்கள் அறையிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள், தலையிலும் தோளிலும் வெள்ளையாக உப்புப் பொடியோடு. அவள் என்ன செய்தாள் தெரியுமா? கீழே இருக்கும் முடிவெட்டுக் கடையில் கழுத்துத் தட்டுவதற்கு வைத்திருப்பார்களே ஒரு பூப்போன்ற பிரஷ், அதில் ஒன்றை வாங்கிக்கொண்டாள். விளக்கு வைத்த பிறகு வெளியே வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை தட்டி, விழுந்த உப்பை முறத்தில் கூட்டி உள்ளேயே போட்டுவிடுவாள். இடத்துக்குச் சொந்தக்காரரான சீனத் தவுக்கே அம்மாவுக்கு முதலில் ஒரே சிரிப்பு.

"பிரேமா, வர்றவங்க கோழி இல்ல லா, எறகு தட்டுறியே!"

"கோழி போனா பரவால்ல தவுக்கே, உப்பு போகக் கூடாது," என்றாளாம் இவள்.

பிறகு அந்த அம்மாவே வெள்ளிக்கிழமைகளில் வந்து, "எனக்கும் தட்டு," என்று முதுகைக் காட்டி நிற்பதுண்டு.

பிரேமலா பிறந்தது சாஆ ஊர்ப் பக்கத்து எஸ்டேட் தோட்டம் ஒன்றில். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்ததும் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் சில்லு செய்கிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். பல வருடம் விடியும் முன்பே பாலம் தாண்டிப் போனவள். ரப்பர் கையுறைக்குள்ளேயே இருந்து இருந்து கை வெடித்துப்போயிற்று. சோறு பிசைய முடியாது, பிள்ளைக்குத் தலை பின்ன முடியாது. தோல் டாக்டர் களிம்பு கொடுத்து, கையுறை வேலையை விடச் சொன்னார். விட்டாள். உப்பு அறைக்குக் கூட்டித் துடைக்கும் வேலைக்கு வந்தவள், நாளடைவில் அதைப் பார்த்துக்கொள்கிறவளாகவே ஆகிவிட்டாள். இப்போது அவள் கை நன்றாக இருக்கிறது.

"உப்புதான கொணமாக்கிச்சு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியலக்கா. களிம்பா, கையுறைய விட்டதா, உப்பா, எதுன்னு நான் எப்படிச் சொல்வேன்? மூணுக்கும் சேத்து ஒரு கும்பிடு போட்டுக்கறேன்."

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை. உப்பு அறைக்குப் போக ஆரம்பித்துச் சில மாதங்களில் முழங்கைச் சொறி நன்றாகவே வாடியது. நெஞ்சும் லேசாக இருப்பதாகச் சொன்னார். பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் உப்பின் பெருமைதான் பேச்சு. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். தோல் நோய் தீர்ந்தால் அம்மன் காலடியில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். அவரும் கொட்டினார். கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். நான் நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொறியோடு இழுப்பையும் சேர்த்து அம்மனிடம் ஒப்படைத்திருக்கிறார். கொடுத்ததைத் திரும்பக் கையில் எடுத்தால் அவளை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று, அன்றோடு காப்பிக் கலர் பம்பை நிறுத்திவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் பம்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார், அப்படியே கொண்டுவந்து வைப்பார். பிரேமலாவிடம் காட்டுவது நீலப் பம்புதானே, அது எப்போதும் பையில் இருந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அடுத்து புகைமூட்டம் வந்தது. எங்கோ காடு எரிகிற புகை கடல் தாண்டி வந்து எங்கள் ஊர் வானத்தை மூடியது. துவைத்த துணியில் கரி வாடை. இவருக்கு மறுபடியும் நெஞ்சில் சீட்டி அடிக்க ஆரம்பித்தது. "பொக லா, எல்லாருக்கும்தான் இருக்கு," என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உப்பு அறைக்குப் போய்விட்டு அப்படியே கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். நான் பூக்கூடையோடு மேலே ஏறிவிட்டேன். இவர் கார் நிறுத்தும் இடத்தில் கொஞ்சம் தாமதித்து வந்தார். கீழேயே நீலப் பம்பை இழுத்துவிட்டு, மூச்சு அடங்கின பிறகு ஏறி வந்திருக்கிறார். பிரேமலா கேட்டாள்.

"அண்ணே, என்ன சாப்ட்டீங்க?"

"இட்லி, சட்னி, தே ஓ."

பால் இல்லாத தேநீர்வரை தடையில்லாமல்தான் சொன்னார். பம்பையும் காட்டினார். அவள் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே இரண்டு சின்னப் பிள்ளைகள் உப்பை அள்ளி விளையாடிக்கொண்டிருந்தன. சத்தம் பிடிக்கவில்லை என்று இவர், வெளியிலிருந்து பார்க்கிற கதவுக் கண்ணாடிக்குத் தெரியாத மூலை நாற்காலிக்குப் போய்விட்டார். பிரேமலா விளக்கு வைத்தாள். நான் எதிரே உட்கார்ந்து மனதுக்குள் போற்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேரமானதும் பிள்ளைகள் தாயோடு வந்தன. பிரேமலா அவற்றைத் தட்டி அனுப்பினாள். கடைசியாக இவர் வந்தார். முகம் வெளுத்திருந்தது. உப்பு ஒட்டியதால் என்று நினைத்தேன். ஆனால் சிரித்துக்கொண்டு வந்தார். நெஞ்சைத் தொட்டுக் காட்டி என்னிடம் மெல்ல, "பாத்தியா... சத்தமே... இல்ல," என்றார்.

உண்மைதான். அந்த வாரம் முழுவதும் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த சீட்டிச் சத்தம் அடியோடு நின்றிருந்தது. தாயே, கண் திறந்துவிட்டாய் என்று லெட்சுமி படத்தைப் பார்த்துக் கை குவித்தேன்.

பிரேமலா பிரஷை எடுத்தாள். தலையைத் தட்டினாள், தோளைத் தட்டினாள். முதுகுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். பிரஷை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது உள்ளங்கையை அவர் முதுகில் வைத்தாள். ஒரு பக்கம் வைத்தாள், மறுபக்கம் வைத்தாள். அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணே, காலைல என்ன சாப்ட்டீங்க?"

"இட்..." என்றார். வாயைத் திறந்து காற்றைத் தேடினார். "...லி."

பிரஷ் அவள் கையிலிருந்து விழுந்தது.

"அக்கா, அவர் பையில பம்பு இருக்கும், எடுங்க. சீக்கிரம். அண்ணே, உக்காருங்க. நிமிந்து உக்காருங்க. பேசாதீங்க."

மேசை இழுப்பறையில் மருந்து இழுக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வைத்திருந்தாள். பம்பை அதில் பொருத்தி அவர் வாயில் வைத்து அழுத்தினாள். மூச்சு விட்டதும் மறுபடி அழுத்தினாள்.

"சத்தம் நின்னுருச்சே பிரேமலா, நல்லதுதான?" என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"காத்து போனாத்தானக்கா சத்தம் வரும்? உள்ள காத்தே போகல. எந்திரிங்க, என் கார்ல கிளினிக்குப் போயிரலாம், ஆம்புலன்ஸ அங்க வரச் சொல்லிக்கலாம்."

அவர் கைத்தாங்கலாக எழுந்தார். தலை, தோள், சட்டை, காலுறை, எல்லாம் உப்பு. எனக்கு என்ன தோன்றியதோ, அந்த அவசரத்திலும் குனிந்து பிரஷை எடுத்தேன். வெள்ளிக்கிழமை. விளக்கு எரிகிறது. அவள் வாசலில் ஒரு பொட்டு உப்பு வெளியே போக விட்டதே இல்லை.

"உப்புக்கா பாக்குறீங்க? போனாப் போகுது, வாங்கக்கா!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்படியே இறங்கினோம். படி முழுக்க உப்பு உதிர்ந்தது. அவள் காரில் உதிர்ந்தது. நான் உப்பைப் பார்க்கவில்லை, வழி முழுக்க அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பிரேமலா திரும்பி, "அமுக்குங்கக்கா, நிறுத்தாதீங்க," என்றாள். நான் அமுக்கினேன். ஒவ்வொரு அமுக்குக்கும் அம்மா தாயே என்றேன்.

கிளினிக்கில் முகமூடி போட்டு மருந்துப் புகை வைத்தார்கள், ஊசி போட்டார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அவரைக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். பிரேமலா காரில் பின்னாலேயே வந்துவிட்டாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சேலையிலும் அவருடைய உப்பு.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தோட்டத்தில் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். மகேஸ்வரன். அவனுக்கும் இழுப்பு. மழைக்காலத்தில் ஒருநாள் வீடே கேட்கும்படி சீட்டியடித்துக்கொண்டிருந்தான். தோட்டத்து மருந்துக்கடை பூட்டியிருந்தது. பொழுது விடிகிற நேரத்தில் சத்தம் நின்றது.

"அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினாங்கக்கா. புள்ளைக்கு நின்னுருச்சுன்னு. எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான்தான் அவனுக்கு முதுகு தடவிக்கிட்டு இருந்தேன். கைக்கு அடியில ஒண்ணுமே அசையல. சின்னப் புள்ள, எனக்கு அது என்னான்னு தெரியல. எல்லாரும் சந்தோசமா இருக்காங்களேன்னு நானும் சிரிச்சேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். களிம்பு தடவித் தடவி மென்மையாகிவிட்ட கை.

"அதனாலதான் பிரஷ் வாங்கினியா?"

"சேச்சே, அது உப்புக்குத்தான்க்கா," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "முதல்ல உப்புக்குத்தான்," என்றாள்.

டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துக்கொண்டார், இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார். காப்பிக் கலர் பம்பை எப்போது நிறுத்தினார் என்று கேட்டார். அவர் நிறுத்தவே இல்லையே என்றேன். அவரே தலையாட்டி ஒத்துக்கொண்டார் என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கே தெரியவந்தது.

பிறகு வார்டில் அவர் கண் கலங்கி எல்லாவற்றையும் சொன்னார். அம்மனை நம்பாமல் போகக் கூடாதே என்று நிறுத்தினேன் என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவே போதுமாக இருந்தது. அவரைப் பார்க்க வந்திருந்த பிரேமலாதான் விடவில்லை.

"நோய அம்மன் கால்ல கொட்டினீங்க, சரி. மருந்தையும் சேத்துக் கொட்டச் சொல்லி அவ கேட்டாளா அண்ணே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் காப்பிக் கலர் பம்பைக் கொண்டுவந்தபோது மட்டும் தாமாகவே கை நீட்டி வாங்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை. காலையிலேயே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் கல்லுப்பு வாங்கினேன். வெள்ளிக்கிழமை உப்பு வாங்குவது லெட்சுமியை வீட்டுக்கு அழைப்பது மாதிரி. மஞ்சள், குங்குமம், பூவோடு தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். அவர் படியை நின்று நின்றுதான் ஏறினார்.

"என்னக்கா இது, சீர்வரிசையா?" என்று பிரேமலா எழுந்தாள்.

"அன்னிக்கு உன் வாசல் தாண்டிப் போன உப்பு. திருப்பிக் கொண்டாந்திருக்கேன்."

அவள் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கி லெட்சுமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பூவை எடுத்துப் படத்துக்கு வைத்தாள். பிறகு, "இத மெஷின்ல போட முடியாதுக்கா, அதுக்கு வேற உப்பு. நான் வீட்டுக்குக் கொண்டுபோய் சமைச்சுக்கறேன்," என்றாள்.

பின்பு இவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, காலைல என்ன சாப்ட்டீங்க?"

இவர் தயாராகத்தான் வந்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி சொன்னார். "காப்பிக் கலர் பம்பு இழுத்து வாய் கொப்புளிச்சிட்டு, ரெண்டு தோசை, தேங்காச் சட்னி, சீனி கொறச்ச தே தாரிக், போதுமா போலீஸ்காரம்மா?"

"போதும். ஆனா இன்னிக்கு உள்ள விட மாட்டேன். டாக்டர் சரின்னு சொல்லட்டும், அப்புறம் வாங்க."

"அலமாக்! உப்பு வாங்கிட்டு வந்தவனையே வெளிய நிறுத்துறியே லா!"

"அக்கா வாங்கினாங்க. நீங்க சும்மாதான் வந்தீங்க."

போகலாம் என்று எழுந்தோம். வாசலில் பிரேமலா எங்களை நிறுத்தினாள். பிரஷை எடுத்து வந்தாள். நல்ல காலை வெயில். விளக்கு வைக்கிற நேரமில்லை. அவர் அறைக்குள் போகவே இல்லை, மேலே உப்பும் இல்லை. ஆனாலும் தலையைத் தட்டினாள், தோளைத் தட்டினாள். முதுகுக்கு வந்ததும் பிரஷை மாற்றிக்கொண்டு உள்ளங்கையை வைத்தாள்.

அவர் மூச்சை இழுத்து விட்டார். அவள் கை ஏறி இறங்கியது.

"போய்ட்டு வாங்கண்ணே," என்றாள்.